மலைக்கு அந்தப் பக்கம் நின்ற கம்பி

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நாங்கள் நலம். அத்தைக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரித்தால் உங்கள் சாயல் இன்னும் கூடுதலாகத் தெரிகிறது.

இந்த மாதமும் மின்கட்டணம் ஏறிவிட்டது. நாட்டை மண்டலம் மண்டலமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை வைத்தார்களே, அதில் நாம் மாட்டிக்கொண்டது விலை கூடின மண்டலம். உங்கள் பக்கம் மின்சாரத்தை வாங்க ஆளில்லாமல் காற்றாலைகளை நிறுத்தி வைக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதை இங்கே கொண்டுவரப் பழைய கம்பியில் இடமில்லை. சாயங்கால பஸ் மாதிரி நெரிசல். அதனால் ஆற்றோரத்து எரிவாயு மின்நிலையக்காரர் சொல்வதுதான் இங்கே விலை. விலை உச்சத்துக்குப் போனதும் எங்கள் சலவைக்கடை முதலாளி இயந்திரத்தை நிறுத்திவிடுகிறார். விடுதிப் போர்வைகளை நாங்கள் கையால் பிழிகிறோம். அங்கே காற்றாலை சும்மா நிற்கிறது, இங்கே என் தோள் கழன்று போகிறது. இதற்குப் பெயர் சந்தையாம்.

நீங்கள் கோபுரம் நட்டு இழுத்து வரும் புதுக் கம்பி வந்தால் விலை இறங்கும் என்றார்கள். எனக்கு விலை இரண்டாம்பட்சம். கோபுரம் கோபுரமாக நீங்கள் வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தீர்கள். ஒவ்வொரு கடிதத்திலும் நீங்கள் எழுதும் ஊர், போன கடிதத்தில் இருந்ததைவிடக் கிட்டே இருந்தது. அத்தை பஸ் நிலையத்துக்குப் போய் அந்த ஊருக்கு டிக்கெட் எவ்வளவு என்று விசாரித்துவிட்டு வருவார். குறைந்திருந்தால் அன்று முழுக்கச் சிரித்த முகம்.

போன ஞாயிறு நம் தெருவில் கூட்டம் போட்டார்கள், கோபுரம் வரக்கூடாது என்று. நாற்காலி, மைக், எல்லோருக்கும் பிஸ்கட். கோபுரம் வரவிருந்தது தையல்கார அண்ணன் வீட்டுக்குப் பின்னால். அவர் பயப்படுவது நியாயம். ஆனால் மைக்கைப் பிடித்தவர் மின்நிலைய மேலாளர். "இந்தக் கோபுரம் வந்தா உங்க தெருவோட அழகே போயிடும்" என்றார். "அழகு எப்ப சார் வந்துச்சு? நாங்க பாக்கவே இல்லையே" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். "கம்பி வந்தா உங்க விலை படுத்துடும், அதைச் சொல்லுங்க" என்றேன். அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. தையல்கார அண்ணன் திரும்பி, "உன் வீட்டுக்காரர் வரணும்னு எங்க தலைமேல கோபுரம் நடணுமாம்மா?" என்று கேட்டார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

நேற்று அறிவித்துவிட்டார்கள். வேலை மலைக்கு அந்தப் பக்கமே நிற்குமாம். மறு ஆய்வு நடக்கும், எத்தனை வருடம் என்று யாருக்கும் தெரியாது. விலை வித்தியாசத்தில் தின்று கொழுத்தவர்கள் இன்னும் கொஞ்ச காலம் தின்பார்கள். அண்ணன் வீடு தப்பியது. இன்று காலை அவர் பாப்பாவின் பள்ளிச் சட்டையைத் தைத்துக் கொடுத்தனுப்பி, கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத அழுகை.

உங்களோடு இருக்கும் கிரேன் ஓட்டுநரின் மனைவியைக் கடையில் பார்த்தேன். உங்கள் குழுவைக் கடலோர மண்டலத்துக்கு அனுப்பப் போகிறார்களாம், புதுக் கம்பி, மூன்று வருட வேலை. இன்னும் தூரம். அத்தையிடம் நான் மூச்சு விடவில்லை. பஸ் நிலையத்துக்குக் கிளம்பியவரை, மழை வரும் என்று சொல்லி உட்கார வைத்தேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றி வைத்தார்.

உயரத்தில் ஏறும்போது இடுப்புப் பட்டையை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறுங்கள். கோபத்தோடு ஏறாதீர்கள். கோபப்படுவதற்கு இங்கே நான் இருக்கிறேன்.

நீங்கள் யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுகிற ஆள். மேஸ்திரி கூப்பிட்டுக் கடலோர வேலைக்கு வருகிறாயா என்று கேட்டால், இந்த ஒரு தடவை மட்டும் உடனே தலையாட்டிவிடாதீர்கள். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். நான் என்ன சொல்வேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் ராங்கிக்காரி