மூன்று பேருக்கும் ஒரே அறை

செப். 20, ஞாயிறு

காலையில் சாரல். ஆராதனை முடிந்து வருவதற்குள் நல்ல வெயில். கொடியில் மறந்து விட்டுப்போன துணி தப்பித்தது.

அக். 2 வெள்ளி, காந்தி ஜெயந்தி. சனி, ஞாயிறு சேர்த்து மூன்று நாள். திருவனந்தபுரம் போய் ஒரு நல்ல ஓட்டலில் இரண்டு நாள் தங்குவதாக முடிவு. முடிவு என்றால் என் முடிவு. செல்வராஜிடம் இன்னும் சொல்லவில்லை. (இனி செ. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம், வீட்டுக்காரர் பெயரை முழுசாக எழுத இப்போதும் கூச்சம்.)

எங்கள் குலசேகரத்துக்காரர்களுக்கு அந்த ஊர் என்றால் ஆஸ்பத்திரிதான். அங்கே ரூம் எடுத்திருக்கிறோம் என்றால் யாருக்கு என்ன தீனம் என்றுதான் முதலில் கேட்பார்கள். எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. மூன்று வருடம் முன்பு செ.-க்குக் குடலில் கட்டி. "சாயங்காலம் வந்திருவோம்" என்று சொல்லி, ஆறு வயது மகள் அபியை அருமனையில் என் அக்கா வீட்டில் விட்டுப் போனோம். திரும்பி வந்தபோது ஐந்து மாதம் ஆகியிருந்தது.

செ. இப்போது நன்றாக இருக்கிறார். ரப்பர் ஷீட் கடைக்குத் தினமும் போகிறார். வருடப் பரிசோதனை ஜூனில் முடிந்தது, ஒன்றுமில்லை என்றார்கள். சரியாகாதது அபிதான். யார் எங்கே கிளம்பி "இப்போ வந்திருவேன்" என்றாலும் அவள் நம்புவதில்லை. அழமாட்டாள், அடம் பிடிக்கமாட்டாள். கேட்டுக்கொண்டு சும்மா நிற்பாள். அந்த நிற்பை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆஸ்பத்திரி இல்லாத ஒரு திருவனந்தபுரத்தை அவளுக்குக் காட்ட வேண்டும்.

செப். 22, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தாள் 41. முக்கோணத்துக்கு நாலு பக்கம் போடாத குறை. பால்காரருக்குச் சில்லறை. காஸ் பதிவு.

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து போனில் ஓட்டல் தேடல். வேண்டியவை:

– நீச்சல்குளம், ஆழமில்லாத பக்கம் உட்பட
– காலைச் சாப்பாட்டில் இட்லி அல்லது இடியாப்பம் (செ. வயிறு காரம் தாங்காது)
– மிருகக்காட்சிசாலைக்கு ஆட்டோ தூரம்
– ஜன்னலைத் திறந்தால் ஆஸ்பத்திரி தெரியக் கூடாது

கடைசி ஒன்றுக்கு எந்த ஆப்பிலும் கட்டம் இல்லை. எல்லா ஓட்டல்காரனும் "ஆஸ்பத்திரிக்கு ஐந்து நிமிடம்" என்று பெருமையாகப் போட்டிருக்கிறான். "குடும்பங்களுக்கு உகந்தது" என்பதற்கு அத்தாட்சியாகக் கட்டிலில் துண்டை அன்னம் மாதிரி மடித்து வைத்து ஒரு படம்.

ஒரு இடத்துக்குக் கூப்பிட்டேன். என் தமிழைக் கேட்டதும் வரவேற்பில் இருந்தவன், "பேஷண்ட் உண்டோ சேச்சி? வீல்சேர் வேணோ?"

"பேஷண்ட் இல்ல. சும்மா சுத்திப் பாக்க வாறோம்."

"சும்மாவோ?" என்றான்.

செ.-யிடம் சொன்னேன். "அந்த ஊருக்கா? திற்பரப்பு இஞ்ச பக்கத்துலல்லா கெடக்கு. அருவியில குளிச்சிட்டு வந்தா போராதா?"

"போராது."

"எனக்கு அந்த ஊருக்க மணமே பிடிக்காது, கேட்டியா." அப்புறம் வெகுநேரம் செய்தி பார்த்தார். படுக்கப் போகும்போது, "நீ பாத்துச் செய்."

செப். 24, வியாழன்

அறை பதிவாயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து நல்ல தூரம், குளம் உண்டு. எங்களுக்கு ஒரு அறை, உள்ளே ஒரு கதவு, அதற்கப்பால் பிள்ளைக்குத் தனியாகச் சின்ன அறை. சுவரில் யானைப் படம். அபியிடம் பரீட்சை முடிந்து ஞாயிறு சாயங்காலம் சொல்லலாம் என்று வைத்திருக்கிறேன்.

4ஆம் தேதி என் ஞாயிறு பள்ளி வகுப்புக்கு ஆள் வேண்டும். சபைச் செயலாளரின் மனைவி ஸ்டெல்லா அக்காவைக் கடைத்தெருவில் பார்த்துக் கேட்டேன். "திருவனந்தபுரம் போறோம் அக்கா. ரூம் போட்டாச்சு."

"அவருமா?"

"அவருந்தான்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ வகுப்பப் பத்தி நெனைக்காத மக்ளே. எல்லாம் நல்லபடியா நடக்கும்."

சுற்றிப் பார்ப்பதில் நல்லபடியாக நடக்க என்ன இருக்கிறது என்று ஒரு நொடி தோன்றியது. பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

செப். 27, ஞாயிறு

மேகம். மழை இல்லை.

ஆராதனையில் ஜெபக் குறிப்பு வாசித்தார்கள். பரீட்சை எழுதும் பிள்ளைகள், பிரசவத்துக்குப் போயிருக்கும் சகோதரி, அப்புறம், "மேல்சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் செல்லவிருக்கும் சகோதரர் செல்வராஜ்."

சபையில் மூன்று செல்வராஜ். ஆண்கள் பக்கம் செ. யாரோ ஒரு பாவப்பட்ட செல்வராஜுக்காகக் கண்ணை மூடி மனமுருகி ஜெபித்துக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் விளங்கிவிட்டது. பக்கத்தில் அபி. அவளும் கண்ணை மூடவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து எல்லாம் சொன்னேன். குளம், யானை, மிருகக்காட்சிசாலை. போனில் படம் காட்டினேன். "கொள்ளாம்" என்றாள். நன்றாக இருக்கிறதாம். அவ்வளவுதான்.

செப். 28, திங்கள்

சாயங்காலம் பெண்கள் சங்கத்திலிருந்து நாலு பேர். ஆரஞ்சு, ரொட்டி, ஜெபம். உல்லாசமாகப் போகிறோம் என்று விளக்கினேன். "ஆமா மக்கா, அப்படித்தான் தைரியமா இருக்கணும்" என்றார்கள். செ. கடையிலிருந்து வந்து பனியனோடு நின்று, "எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். அவர்களில் ஒருவர் அழுதே விட்டார். அவர்கள் போனதும் செ. சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

பிறகு அலமாரிக்குப் பக்கத்தில் அபியின் பை. அவளே அடுக்கியிருக்கிறாள். மேலே இரண்டு கவுன், அதற்குக் கீழே பள்ளிச் சீருடை இரண்டு செட், சாக்ஸ், கணக்கு நோட்டு.

"யூனிபாம் எதுக்கு ஏட்டி?"

"அருமனையில பெரியம்மைக்க வீட்டுலருந்து பள்ளிக்கூடம் போவணும்லா."

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். சமையலறைக்குப் போய் அழுதேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. அழுதேன்.

செப். 29, செவ்வாய்

செ. கடைக்குப் போகவில்லை. காலையில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தார். நான் மூன்று வருடமாகச் சொல்ல நினைத்து, பாடம் நடத்தி, படம் காட்டிச் சுற்றிச் சுற்றி வந்ததை நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

"அன்னைக்கு சாயங்காலம் வந்திருவோம்னு சொன்னது பொய்யாக்கும் மக்கா. வர முடியாதுன்னு எங்களுக்குத் தெரியும். நீ அழுவியேன்னு பயந்து சொன்னோம். தப்பு எங்களுக்க மேலதான்."

"நான் அழல."

உண்மை. அக்கா சொல்லியிருக்கிறாள்: தினமும் ஆறு மணிக்கு முகம் கழுவித் தலை சீவி உட்கார்ந்திருப்பாளாம். எத்தனை நாள் என்று நான் அக்காவிடம் கேட்டதே இல்லை.

செ. போனை அவளிடம் கொடுத்தார். "ஓட்டலு நீ பாத்து எடு. நீ சொல்லுததுதான்."

குளத்தைப் பார்க்கவில்லை. யானையைத் தள்ளிவிட்டாள். "மூணு பேருக்கும் ஒரே ரூமா? நடுவுல கதவு உண்டா?" கதவு உள்ளது எல்லாம் கழிந்தது. பிறகு, "அப்பா கெடந்த ஆசுத்திரி எங்க இருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் செ. வரைபடத்தில் தொட்டுக் காட்டினார்.

"அதுக்குப் பக்கத்துல பாருங்க."

"அங்க எதுக்கு மக்ளே?" என்றேன்.

"நீங்க ரெண்டு பேரும் எங்க இருந்தியன்னு எனக்குத் தெரியாதுல்லா."

நான் பதிவு செய்ததை ரத்து செய்தேன். என் பட்டியலில் ஒன்றுகூட இவள் பட்டியலில் இல்லை. பிள்ளைக்கு எது பயம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, மறைக்கிற வேலையையே திரும்பச் செய்திருக்கிறேன்.

புது ஓட்டல்: குளம் இல்லை. ஒரு பெரிய கட்டில், ஒரு சின்னக் கட்டில். "வீல்சேர் இலவசம்."

அக். 2, வெள்ளி

களியக்காவிளை தாண்டும்வரை மழை. 12.40-க்கு ஓட்டல். மூன்றாம் மாடி. லிஃப்டில் எங்களைத் தவிர எல்லார் கையிலும் ஸ்கேன் கவர்.

ஜன்னலைத் திறந்தால் நேரே அதுதான். செ. தயங்கித்தான் வந்து நின்றார். அபி கேட்டாள், அவர் விரலால் காட்டினார். நாலாவது மாடி, இடமிருந்து ஆறாவது ஜன்னல். அம்மா எங்கே படுத்தாள்? தரையில், பாய் விரித்து. சாப்பாடு? கீழே கேன்டீன். அப்பா அழுதாங்களா? "ஒருநாள்" என்றார் செ. "மூணு நாள்" என்றேன் நான். அவர் மறுக்கவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சின்னதாத்தான் இருக்கு" என்றாள் அபி. பசிக்கிறது என்றாள்.

அக். 3, சனி

விட்டு விட்டு மழை. மிருகக்காட்சிசாலையில் நீர்யானை மட்டும் சந்தோஷமாக இருந்தது. என் செருப்பு வார் அறுந்தது. இடியாப்பம் சுமார், முட்டைக்கறி காரம், செ. தொடவில்லை. அபிக்குப் பிடித்தது பழம்பொரிதான், நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்தது.

நாலு மணிக்கு அறைக்குத் திரும்பினோம். அபி பெரிய கட்டிலில் குப்புறப் படுத்து டிவியில் கார்ட்டூன். மலையாளத்தில். நான் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். செ. சட்டையை மாட்டிக்கொண்டு, "கீழ ஒரு சாயா குடிச்சிட்டு வாறேன்" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது போல. கதவுக் கைப்பிடியில் கையை வைத்தபடி நின்றுவிட்டார். நானும் துண்டோடு நின்றேன்.

அபி திரும்பவில்லை. டிவியைப் பார்த்தபடியே, "வரும்போது எனக்குப் பழம்பொரி வாங்கிட்டு வாங்க" என்றாள்.

செ. என்னைப் பார்த்தார். கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனார்.

ஏழு நிமிடத்தில் திரும்பி வந்தார். கையில் பன்னிரண்டு பழம்பொரி.