என் பெயரில் ஆடிய கொல்லர்

அனுப்புநர்
ஆஸ்கர் திலாண்டர்,
மூன்றாம் ஆண்டு வேதியியல் மாணவர்,
க்ரோவர் பிரைரி கல்லூரி, அயோவா.

பெறுநர்
கல்லூரித் தலைவர் அவர்கள்.

பொருள்: செய்யாத குற்றத்துக்காக என்னை நீக்கியதை ரத்து செய்யக் கோரி மூன்றாவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வேதியியல் பேராசிரியரும் கால்பந்துப் பயிற்சியாளருமான லூஷியஸ் பார்டீ என் பெயரைத் திருடினார்.

2. நவம்பர் 8, சனிக்கிழமை, லாங்ஃபோர்ட் கல்லூரியுடன் நடந்த ஆட்டத்தில் எதிரணி வீரர் ஒருவரின் தாடை உடைந்தது. குத்தி உடைத்தவர் ஊர்க் கொல்லர் டோபியாஸ் க்ரம். மாணவர் அல்லாதவர் ஆடக் கூடாது என்பதால் பேராசிரியர் அவரை 'திலாண்டர்' என்று பட்டியலில் எழுதினார். மறுநாள் செய்தித்தாளிலும் அந்தப் பெயர்தான் வந்தது. ஒழுங்குக் குழு என்னை நீக்கியது.

3. நான் 128 பவுண்டு எடை. க்ரம் 210. குழுவினர் என்னை நேரில் பார்த்தார்கள். இந்தக் கை ஒரு தாடையை உடைக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

4. அன்று முழுவதும் நான் ஆய்வகத்தில் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன். கட்டணத்துக்குப் பதிலாக இந்த வேலை: குத்தகை விவசாயி மகனுக்குக் கல்லூரி தந்த சலுகை அது. காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை நான் இருந்ததாகப் பதிவேடு சொல்கிறது. அதன் கீழே இருப்பது பேராசிரியர் பார்டீயின் கையெழுத்து.

5. அவரிடமே போய்க் கேட்டேன். "இரும்படிக்கிறவன் பேரு பட்டியல்ல நிக்காது தம்பி. காலேஜுக்காக ஒரு பேரக் கூடக் குடுக்க மாட்டியா?" என்றார். க்ரம்மிடமும் போனேன். அவர் மட்டும் வெட்கப்பட்டார். "நீ யாருன்னே எனக்குத் தெரியாதுப்பா. சட்டையக் குடுத்தாங்க, போட்டேன். எங்க வேணாலும் வந்து சொல்றேன்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

6. முதல் மனுவைத் தங்கள் அலுவலகம் ஒழுங்குக் குழுவுக்கு அனுப்பியது. குழுவின் செயலர் பேராசிரியர் பார்டீ. இரண்டாவதை வேதியியல் துறைக்கு அனுப்பியது. துறைத் தலைவரும் அவரே. குற்றம் சாட்டப்பட்டவரின் மேசைக்கே என் புகார் இரண்டு முறை போய்ச் சேர்ந்தது. இதையும் அங்கே அனுப்புவதாக இருந்தால் தயவுசெய்து என்னிடமே திருப்பிக் கொடுங்கள், தூரம் குறைவு.

7. சனிக்கிழமைக்குள் நான் விடுதியைக் காலி செய்ய வேண்டும். என் ஊர்ப் பள்ளியில் எனக்குச் சொல்லியிருந்த ஆசிரியர் வேலையும் செய்தித்தாளைப் பார்த்ததும் போய்விட்டது. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை, காலை வழிபாட்டுக்கு எல்லா மாணவர்களும் கூடுவார்கள். அங்கே க்ரம்மையும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். பேராசிரியரை அழைத்து, எல்லார் முன்னிலையிலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த இருவரில் திலாண்டர் யார்?

நாள்: 19 நவம்பர் 1902
இடம்: க்ரோவர் பிரைரி

தங்கள் உண்மையுள்ள,
ஆஸ்கர் திலாண்டர்
(இம்முறை நானே எழுதிய பெயர்)