சத்தம் வெளியே போகாத வீடு

நவ. 1, 2005, செவ்வாய்
மழை. வீடு கூட்டும்போது கண்டது: நாற்காலிக் கால்களின் அடியில் வட்டமாக வெட்டிய தடித்த துணி. அப்பா ஒட்டியது. மேசைக்கும்.

காரணம் தெரியும். போன வெள்ளி கீழ்வீட்டு வெள்ளைக்காரப் பெண் பெரித் வந்தார். எங்கள் மாடிவீடுகளின் கூட்டுச் சங்கமான பொரெத்ஸ்லாக்கின் நிர்வாகக் குழுவில் இருப்பவர். அவர் சொன்னதை அம்மாவுக்கு நான்தான் தமிழில் சொன்னேன். எங்கள் வீட்டிலிருந்து சத்தம் என்று முறைப்பாடு. இது எச்சரிக்கை. தொடர்ந்தால், கோடையில் வந்த புதிய சட்டப்படி, வீட்டை விற்றுவிட்டுப் போகச் சொல்ல நிர்வாகத்துக்கு உரிமை உண்டு.

என்ன சத்தம் என்று அம்மா கேட்கச் சொன்னார்.

"சாமான் விழுவது போல. யாரோ அழுவது போல," என்றார் பெரித்.

அப்பா வேலையால் வந்ததும் சாமான் விழுவதை மட்டும் சொன்னேன்.

நவ. 2, புதன்
அடி நிற்கவில்லை. விதம்தான் மாறியிருக்கிறது. முன்பு தட்டு பறக்கும், கதவு அடிபடும். இப்போது அப்பா முதலில் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார். பிறகு கையில் துவாயைச் சுற்றிக்கொள்கிறார். அம்மாவின் விலாவில், முதுகில். அம்மா தலையணையைக் கடித்துக்கொண்டு.

"கத்து பாப்பம். வீட்டைப் பறிச்சுப்போட்டு ரோட்டிலை விடுவாங்கள்."

என்னைப் பார்த்து: "இவள் பள்ளிக்கூடத்திலையே வாய் திறக்காமல் நிண்டவள். இஞ்சை திறக்கப்போறாளோ?"

உண்மைதான். வகுப்பில் பெயர் கூப்பிட்டாலே குரல் எழும்பாது. அதனால்தான் பள்ளியை விட்டேன்.

நவ. 4, வெள்ளி
முற்பகல் பேக்கரி வேலை. வரும்போது எங்கள் புருசெத் பகுதிக் கடையில் வாங்கியது: பால், வெங்காயம், வலி மாத்திரை.

உடுப்புத் தோய்க்கும் அறையில் மேல்வீட்டு ரஞ்சி அன்ரி அம்மாவிடம்: "என்னப்பா, உங்கட வீடு இப்ப கோயில் மாதிரி! மனுசன் திருந்திட்டார் போலை."

"ஓம் அக்கா." அம்மா சிரித்தார். ஈர உடுப்பைத் தூக்க முடியாமல் கூடையைக் காலால் தள்ளினார்.

படியில் நான்: "பெரித்திட்டைச் சொல்லுவமே, அம்மா?"

"உனக்கென்ன விசரே? வீடு போனா எங்கை போறது? சத்தம் வராட்டி எங்களை ஒருத்தரும் வீட்டிலையிருந்து எழுப்பேலாது. பொறு."

நவ. 6, ஞாயிறு
முதல் பனி. மத்தியானம். மீன் குழம்பில் உப்புக் கூடிவிட்டது.

அப்பா டிவி போடவில்லை. துவாய் எடுக்கவில்லை. அம்மாவைக் குசினிச் சுவரோடு சேர்த்துக் கழுத்தைப் பிடித்தார், இரண்டு கையாலும். ஒரு சத்தமும் இல்லை. குழாய் சொட்டுவது கேட்டது. அம்மாவின் முகம் கறுத்தது, கால் வழுக்கியது. கண் என்னிடம். கையைத் தூக்கினார். விரலைத் தன் உதட்டில் வைத்து, சத்தம் போடாதே என்று எனக்குக் காட்டினார்.

வாசல் கதவை அகலத் திறந்து, மாடிப்படியில் நின்று கத்தினேன்.