கேட்காமல் அடிக்க ஓர் ஆணி

அப்பா,

இன்று கணக்கு வகுப்பில் காம்பஸ் எடுக்கப் பெட்டியைத் திறந்தபோது அந்த ஆணி மேசையில் விழுந்து உருண்டது. "ஏன்டி, ஆணிய வெச்சுட்டு எந்த வட்டம் போடப் போற?" என்றாள் பக்கத்தில் இருந்த மேரி. நானும் சிரித்து வைத்தேன். அது கனடாவிலிருந்து வந்த ஆணி என்று அவளிடம் சொல்லவில்லை.

நீங்கள் அங்கே லாரி ஓட்டப் போனபோது நான் மூன்றாம் வகுப்பு. அங்கேயே நிரந்தரமாகத் தங்க பி.ஆர். வந்ததும் அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனீர்கள். விசாதான் இருக்கிறதே, பி.ஆர். வேறு எதற்கு என்று ஒருநாள் போனில் கேட்டேன். கொஞ்சம் யோசித்துச் சொன்னீர்கள்: "விசாங்கறது நம்ம லைன் ஊடு மாதிரி கண்ணு. எஸ்டேட்டுல வேலை இருக்கற வரைக்குந்தான் ஊடு. பி.ஆர்.ன்னா சொந்த ஊடு. யாரையும் கேக்காம ஆணி அடிக்கலாம்."

எனக்கு உடனே புரிந்தது. நம் லைன் வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரிடம் கேட்க வேண்டும். காலண்டர்கூட ஜன்னல் கம்பியில்தான் தொங்குகிறது. அங்கே உங்கள் அறையிலும் என் படம் சுவரில் ஏறவில்லை. தண்ணீர் பாட்டிலில் சாய்ந்து நின்றது.

ஒவ்வொரு முறை விசாவை நீட்டிக்கக் கொடுக்கும்போதும் ஊருக்கு வரும் பேச்சு நின்றுபோகும். வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களோ என்று பயந்தீர்கள். சர்ச்சில் நான் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கும் வரவில்லை. பூசையை முழுவதும் போனிலேயே பார்த்தீர்கள்.

இங்கே காப்பி பூத்திருந்த வாரத்தில் அங்கே நெஞ்சுவலி வந்து நீங்கள் போய்விட்டீர்கள். பி.ஆர். அப்போதும் வந்திருக்கவில்லை. ஏற்காட்டுக் கல்லறைத் தோட்டத்தில் உங்களை வைத்துவிட்டு வந்த பிறகு கனடாவிலிருந்து உங்களோடு வந்த துணிப்பெட்டியைத் திறந்தோம். ஸ்வெட்டருக்குள் என் படம். அதோடு ஓர் ஆணிப் பொட்டலம், பிரிக்காமல். "வாங்கியே வெச்சுட்டாரு பாரு சாமி" என்றாள் அம்மா. பொட்டலத்திலிருந்து ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் கூப்பிடும் நேரத்துக்கு இன்னும் போனை ஜன்னலோரம் கொண்டுபோய் வைக்கிறேன். அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

உங்கள் படத்தை மாட்ட அம்மா நேற்று ரைட்டரிடம் கேட்டு வந்தாள். ஒன்று அடித்துக்கொள்ளுங்கள் என்றாராம். நான்தான் வேண்டாம் என்றேன். கேட்டு அடிப்பதற்கு நீங்கள் அதை வாங்கவில்லையே.

படம் இப்போதைக்குப் பருப்பு டப்பாவில் சாய்ந்து நிற்கிறது. ஆணி என்னிடம் இருக்கிறது.