லீவுக்காரர் வளர்த்த ஷூ

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நால்வரும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போக இடம் பார்த்துக்கொண்டிருக்கிறது. நீயும் சுகம் என்று மாப்பிள்ளை சொன்னார். அவர் சொல்வதை அப்படியே நம்பலாமா என்கிற கேள்வி இந்த வீட்டில் இப்போது எழுந்திருக்கிறது, என் சொல்லுக்கும் அதே கதிதான், அது ஏன் என்று விளக்கத்தான் போனை விட்டுவிட்டுக் காகிதத்தை எடுத்தேன். போனில் நான் எவ்வளவு தணிந்து பேசினாலும் அடுத்த அறையிலிருந்து உன் பெரியவள் கேட்டுவிடுகிறாள். வகுப்பில் சண்டை போட்டவர்களை வரிசையில் நிறுத்தி விசாரிக்கிறாள் என்று டீச்சர் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள், வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. சின்னது வழக்கம்போல வாண்டு. முதல் வருடப் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டது, மேல் வரிசைப் பற்களில் ஒன்றைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்தது. மாப்பிள்ளை ஊரிலுள்ள லிஃப்டுகளையெல்லாம் பழுது பார்த்து ஏற்றி இறக்குகிறார், நம் சமையலறைக் கதவு மட்டும் இன்னும் தூக்கித்தான் சாத்த வேண்டியிருக்கிறது.

விஷயம் லீவுக்காரரைப் பற்றியது. அவர் உன்னால் பிறந்தவர், உனக்கு அறிமுகம் வேண்டியதில்லை, ஆனால் அவருடைய வரலாற்றில் எனக்கும் மாப்பிள்ளைக்கும் கருத்து வேறுபாடு இருப்பதால் சரியானதை எழுதி வைத்துவிடுகிறேன். நீ இரண்டாம் வகுப்பு படித்தபோது பள்ளிக்கூட ஷூ சிறிதாகிக் காலைக் கடித்தது. புதிது வாங்கலாம் என்றால், இது பாவம்ப்பா, இது எங்க போகும் என்று பழையதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாய். ஷூ கடை விற்பனையாளன் பெற்ற பிள்ளை புது ஷூ வேண்டாம் என்று அழுதது தெருவில் எனக்கு எவ்வளவு கௌரவம் என்று யோசித்துப் பார். உன் அம்மா இருந்தவரை இந்த வீட்டின் கற்பனை இலாகா முழுவதும் அவளிடம்தான் இருந்தது. லீவுக்காரர் என்று ஒருவர் இருக்கிறார், பள்ளிக்கூடம் மூடுகிற அன்று வந்து ஷூவை எடுத்துப்போய் லீவு முழுக்க வளர்ப்பார், திறக்கிற அன்று காலையில் உன் காலுக்குச் சரியாகக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிடுவார் என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். நிறைவேற்றும் இலாகா என்னுடையது.

அன்று தொடங்கிய உத்தியோகம். ஒரு நம்பர் பெரிய ஷூவை எடுத்து, பழையதில் எந்த இடத்தில் கீறல் இருந்ததோ அதே இடத்தில் உப்புத்தாளால் கீறி, நுனியைத் தேய்த்து, பழைய லேஸைக் கோத்து, உள்ளே பேனாவால் எழுதிய முதலெழுத்தை அதே கோணலோடு எழுதி, நடந்து மடிந்த மாதிரி தெரிவதற்காகக் கடையின் பின்னறையில் மதிய இடைவேளையில் ஷூவைக் கையில் மாட்டிக்கொண்டு மேசைமேல் நடந்து பழக்குவேன். முதலாளி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார், அதற்குப் பிறகு கொஞ்ச நாள் என்னிடம் மிகவும் அன்பாக நடந்துகொண்டார். நீ ஏழாம் வகுப்பில் அவரை விட்டுவிட்டாய், சொல்லிக்கொள்ளாமலே. நீ வேலைக்காக ஊரைவிட்டுப் போனபோது உன் பெரியவளுக்காக அவர் மறுபடி வேலைக்கு வந்தார். இந்தத் தடவை வாண்டுவையும் சேர்த்து இரண்டு ஜோடி. மாப்பிள்ளையும் கூட்டாளி, ஆனால் அவர் பொய் சொல்வதற்கென்று பிறந்தவரல்ல. ஷூ எங்கே போச்சு என்று பிள்ளைகள் கேட்டால் அண்ணாந்து கூரையைப் பார்க்கிறார். லிஃப்ட் மெக்கானிக் என்பதால் அதைப் பிள்ளைகள் தொழில் பழக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள், அல்லது எடுத்துக்கொண்டார்கள் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

போன வாரம் பள்ளிக்கூடம் திறந்தது. காலையில் வாசலில் இரண்டு ஜோடியும் வளர்ந்து வந்து நின்றன. வாண்டுவுக்கு இது முதல் தடவை, தன் ஷூவைத் தூக்கி முகர்ந்து பார்த்து, வளந்துடுச்சு, அப்பா இது வளந்துடுச்சு என்று வீட்டைச் சுற்றி ஓடியது. ஜட்ஜம்மா அமைதியாக உட்கார்ந்து தன்னுடையதைப் போட்டாள். நான் அவள் எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். அங்கேதான் வினை. ஒரு கால் முன்னால் நீண்டால் என் கட்டைவிரல் தானாக ஷூ நுனிக்குப் போகும், விரல் போனால் வாய் தானாகத் திறக்கும், நீ பிறப்பதற்கு முன்பிருந்தே பழகிய பழக்கம். நுனியை அழுத்திப் பார்த்துவிட்டு, புதுசுல லேசா இறுக்கும்மா, நாலு நாள் நடந்தா விட்டுக்கொடுத்துடும், சரிப்படலன்னா அடியில மண்ணு படாமக் கொண்டுவாங்க, மாத்தித் தர்றோம் என்று சொல்லி முடித்துவிட்டேன். முழுசாகச் சொன்னேன், ஒரு வார்த்தை விடவில்லை. மாப்பிள்ளையின் டீ தம்ளர் வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. வாண்டு ஓட்டத்தை நிறுத்தி, தாத்தா ஏன் புதுசுங்கறாரு என்று கேட்டது. மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார். ஜட்ஜம்மா லேஸைக் கட்டிக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல், வளந்த பகுதி மட்டும் புதுசுதானே, அதச் சொல்றாரு, நீ போய்ப் பையை எடு என்றாள். வாண்டு திருப்தியாகப் போய்ப் பையை எடுத்தது. இத்தனை வருடம் எத்தனையோ கால்களுக்குச் சமாதானம் சொன்னவன் நான், எனக்கு அப்படியொரு பதில் வந்ததில்லை. உண்மையை முழுவதும் தெரிந்தவர்களால்தான் அவ்வளவு உறுதியாகப் பொய் சொல்ல முடியும் என்பது பஸ் போன பிறகுதான் உறைத்தது.

உடனே நானும் மாப்பிள்ளையும் சமையலறையில் கதவைத் தூக்கிச் சாத்திவிட்டு ஆலோசனை நடத்தினோம். அவருடைய யோசனை, தாத்தாவுக்கு வயசாயிடுச்சு, கொழம்பிட்டாருன்னு சொல்லிடலாம் மாமா என்பது. என் மூளையைப் பலி கொடுத்து லீவுக்காரரைக் காப்பாற்றப் பார்க்கிறார். எவ்வளவு மரியாதையாகச் சொன்னார் என்பதையும் குறிப்பிட வேண்டும். இருவருக்கும் இருந்த பயம் ஒன்றுதான், பெரியவள் சின்னதிடம் சொல்லிவிடுவாளோ என்று. பயப்பட வேண்டியது வேறு இடத்தில் இருந்தது என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

மறுநாள் பள்ளி விட்டதும் மாப்பிள்ளை இருவரையும் அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். எதிர்க் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதாம், பொத்தான்கள் என்றால் வாண்டுவுக்கு உயிர், அதை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். ஜட்ஜம்மா வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு ஷூவைக் கழற்றி, கால் அளக்கிற பலகைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். போன வருசம் லீவுக்கு முன்னாடி இங்க, இந்த வளைவுல, பபிள்கம் ஒட்டி வெச்சேன் தாத்தா, திரும்பி வந்தப்போ கீறல் வந்துடுச்சு, லேஸ் வந்துடுச்சு, எழுத்து வந்துடுச்சு, பபிள்கம் வரல என்றாள். லீவுக்காரர் சுத்தம் செய்திருப்பார் என்று சொல்லிப் பார்த்தேன். கீறலைச் சரிபண்ணாதவரு பபிள்கம்மை மட்டும் எதுக்கு எடுக்கணும் என்றாள். பாட்டில் தொழிற்சாலையில் குறை பார்த்துப் பொறுக்கி எடுக்கிற உன் உத்தியோகத்தை நீ அங்கே மட்டும்தான் செய்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ரத்தத்தில் ஏற்றி வீட்டுக்கும் ஒன்று அனுப்பியிருக்கிறாய். எனக்கு முதலில் வந்தது வருத்தமில்லை, தொழில் மானம். ஷூவை எல்லாப் பக்கமும் பழசாக்கியவன் அடியைத் திருப்பிப் பார்க்கவில்லையே. பிறகு, ஒரு வருடமாகத் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அந்தக் கீறலை அவ்ளோ நல்லாப் போட்டிருந்தீங்க, சொன்னா அடுத்த தடவை போடமாட்டீங்கன்னுதான் என்றாள். நான் எழுந்து போய்ப் பின்னறையிலிருந்து யாரும் கேட்காத ஒரு பெட்டியை எடுத்துவந்தேன்.

திரும்பி வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. இதைத்தான் கேட்க வந்திருக்கிறாள், பபிள்கம் எல்லாம் முன்னுரை. அம்மா அடுத்த லீவுக்குக் கண்டிப்பா வர்றாங்கன்னு நீங்களும் அப்பாவும் சொல்றீங்கல்ல, அது லீவுக்காரர் மாதிரியா, நெஜமா என்று கேட்டாள். உன்னை இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், லீவு கிடைப்பது சந்தேகம் என்று நீ மாப்பிள்ளையிடம் சொன்னது எங்கள் இருவருக்குள்தான் இருந்தது. பிள்ளைகளிடம் வருவாள், வருவாள் என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். யாரோ ஒருவர் பழுப்பு நிறத்தில் ஒன்பதாம் நம்பர் கேட்டார், காத்திருக்கச் சொன்னேன், என் வாழ்நாளில் முதல் தடவை. பிறகு அவளிடம் உள்ளதைச் சொன்னேன். தெரியலடா கண்ணு, அம்மாவ இன்னும் இருக்கச் சொல்றாங்க, கேட்டுக்கிட்டு இருக்காங்க, வரலாம், வராமலும் போகலாம், நீங்க அழக்கூடாதுன்னு மாத்திச் சொன்னோம் என்றேன். ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டாள். லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாள். ஷூவுக்கு அப்படிச் சொல்லலாம் தாத்தா, அம்மாவுக்குச் சொல்லக்கூடாது என்றாள். பொய்யையும் மெய்யையும் பற்றித் தடித்த புத்தகங்கள் எழுதியவர்களை நானும் படித்திருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாகக் கோடு கிழித்தவர்கள் அதில் இல்லை. வாண்டுகிட்ட ஷூ பத்தி யாரும் மூச்சு விடக்கூடாது, அம்மா பத்தி நானே சொல்லிடறேன் என்று தீர்ப்பும் கொடுத்தாள். நான் ஒப்புக்கொண்டேன். மேல்முறையீடு இருப்பதாகத் தெரியவில்லை.

அன்று சாப்பிடும்போது சொன்னாள். அம்மா வராமலும் போகலாம், லீவு கிடைச்சாத்தான் வர முடியும் என்று, உருளைக்கிழங்கை வாண்டுவின் தட்டில் பிரித்துப் போட்டபடியே. வாண்டு யோசித்தது. முகம் தெளிந்தது. லீவுக்காரர்கிட்ட சொன்னா கூட்டிட்டு வந்துடுவாரே என்றது. மாப்பிள்ளை கூரைக்குப் போய்விட்டார். உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், சொல்லிப் பார்க்கலாமே என்கிற வார்த்தை என் உதடு வரைக்கும் வந்துவிட்டது, அந்த முகத்தைப் பார்த்தால் நீயும் சொல்லியிருப்பாய். ஜட்ஜம்மா சொல்லவில்லை. இல்ல, அவரு ஷூ மட்டும்தான் பாப்பாரு, அம்மாவ அம்மாவோட ஆபீஸ்தான் அனுப்பணும் என்றாள். வாண்டு அழுதது, நன்றாகவே அழுதது. இவள் சமாதானத்துக்கு எதையும் சேர்த்துச் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள், தன் கண்ணைத் துடைத்துக்கொள்ள மட்டும் ஒருமுறை கையை எடுத்தாள். நாங்கள் இரண்டு ஆம்பிளைகள், வயதைக் கூட்டினால் ஒரு பழைய கட்டடத்துக்குச் சமம், எங்களால் முடியாததை அவள் செய்து முடித்துவிட்டு வாண்டுவின் தட்டையும் கழுவி வைத்தாள்.

நீ வந்தே தீர வேண்டும் என்று நான் எழுதவில்லை. உன் வேலையின் அருமை எனக்குத் தெரியும், நீ அங்கே படுகிற பாடும் தெரியும், அனுப்பினால் வருவாய், அனுப்பாவிட்டால் என்ன செய்வாய். ஆனால் எந்தப் பதில் வந்தாலும் மாப்பிள்ளையிடம் சொல்லி அவர் என்னிடம் சொல்லி நாங்கள் அதற்கு மெருகு போட்டுப் பிள்ளைகளிடம் கொடுக்கிற ஏற்பாடு இத்தோடு முடிந்தது. பார்க்கலாம் கண்ணு என்று இழுக்கவும் வேண்டாம், இழுக்கிற குரலை அவள் எடைபோட்டுவிடுவாள். இப்படியொரு பெண்ணைப் பெற்றதற்கு உனக்கு என் பாராட்டு, வளர்த்ததில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று சொல்லத் தோன்றுகிறது, யோசித்துப் பார்த்தால் அவள் எங்களைத்தான் வளர்த்துக்கொண்டிருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை என்றால் மாலையில் காலைச் சற்று உயர்த்தி வைத்துக்கொள், இது அப்பா சொல்வதும் கடைக்காரன் சொல்வதும். நீ எந்த ஊரில் நின்றாலும் உன் கால் நோகாமல் இருக்கட்டும், கை நிறையட்டும், உன் பிள்ளைகள் உன்னைப் பார்த்துச் சிரிக்கிற நாள் சீக்கிரம் வரட்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

ஒன்றை மறந்துவிடாதே. கடிதம் எழுதுவதாக ஜட்ஜம்மாவிடம் சொன்னேன், உன்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். வர முடியலன்னா ஞாயித்துக்கிழமை போன்ல என்கிட்டயே சொல்லச் சொல்லுங்க, நான் அழுவேன், அழுதா அம்மா போனை வெச்சுடக்கூடாது என்றாள். வைத்துவிடாதே.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா