தீவுக்குப் போகும் முன்

காலை ஐந்தேகால்.

பீற்றிஸ், ஊரடங்கை எடுத்துவிட்டார்கள். தீவு ஆசுப்பத்திரிக்குப் போகிறேன். மற்ற ஊழியர்கள் சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டுப் போனபின், ஒன்பது தொழுநோயாளருக்கும் புண் கழுவிக் கட்ட நான் மட்டும்தான். கர்த்தர் தந்த வேலை. அவர் போதும் என்னும்வரை செய்வேன்.

உன்னையும் மகளையும் கொழும்புக்குக் கூட்டிப்போகப் பத்து மணிக்கு உன் அண்ணன் வான் கொண்டு வருவார். போவதென்றால் மகளின் இருமல் மருந்தை மறக்காதே. வீட்டைப் பூட்டித் திறப்பை ஞானமலர் அக்காவிடம் கொடு. பெட்டியின் அறுந்த பிடிக்குக் கயிறு கட்டியிருக்கிறேன்.

போகாவிட்டால், பின்னேரம் செப்பலி மீன் வாங்கிவருவேன்.

யாக்கோப்பு

புட்டு மூடியிருக்கிறது. ஆறமுன் சாப்பிடு.

நேற்றுக் கிணற்றடியில் நீ கேட்டது காதில் விழாதவன்போல் வந்துவிட்டேன். விழுந்தது.

“எல்லாம் அவர்ட சித்தமெண்டா, என்னையும் பிள்ளையையும் பாக்கிறது ஆர்ட வேலை?”