உன் குன்றுக்கு ஒரு ரயில் பாலம்

என் செல்லக் கண்ணுக்கு, அம்மா எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் சௌக்கியம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், இல்லையென்றால் எழுத்து கோணுகிறது. என் முட்டி முன்புபோல் படுத்தவில்லை, அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது, ஆனால் மருந்து பாட்டிலைப் பார்த்தால் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். மாடி அறை நீ விட்டுப்போன மாதிரியே இருக்கிறது, என் தையல் மெஷினை மட்டும் ஜன்னலோரம் போட்டுக்கொண்டேன். அங்கேதான் வந்தது வினை. உன் பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டப் போனேன், தட்டிய தட்டில் அது விழித்துக்கொண்டது, நீ சோறு தண்ணி மறந்து கட்டிக்கொண்டிருந்தாயே அந்த விளையாட்டு ஊர், அப்படியே திறந்து நின்றது. ஆறு, கடைத்தெரு, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் குன்றின் மேல் ஒற்றையாய் ஒரு நீலக் கூரை வீடு, இதுதான் என் வீடும்மா என்று நீ காட்டினாயே, அது. மத்தியானம் மெஷினை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். கூரைகள் மேல் மேகத்தின் நிழல் மெல்ல நகர்கிறது, எறும்பு அளவு மனிதர்கள் எங்கேயோ போகிறார்கள், யாருக்கும் அவசரமில்லை, எனக்கும் நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்துபோகிறது.

ஆனால் உன் வீட்டுக்குப் போக வழியே இல்லை, ரோடு பள்ளத்தோடு நின்றுவிடுகிறது, அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. லைட் ரயில் என்று ஒரு படம் போட்டிருந்தது, இரண்டே பெட்டி, பார்க்கச் சமத்தாக இருந்தது. சரி, பிள்ளை வீட்டுக்கு ரயில் விடுவோம் என்று துணிந்துவிட்டேன். தண்டவாளத்தை இழுத்தால் அது தரை போகிற போக்கில் இறங்கி ஏறி, சரிவு அதிகம் என்று சிவப்பாகிவிடுகிறது. என் புத்தி எங்கே போகும், தையல்காரி புத்தி, சுருக்கத்தோடு தைத்தால் இழுக்கும், முதலில் இஸ்திரி போடு என்று சொல்லிற்று. தரையைச் சமப்படுத்துகிற கருவியை எடுத்து ஒரே தேய். குன்று கரைந்து உன் வீடும் இடிந்து, ஐயோ, குட்டி மனிதர்கள் தெருவில் வந்து நிற்கிறார்கள். நான் போட்ட கூச்சலில் அப்பா மாடிக்கு ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் சிரித்தார் பார், இத்தனை வருஷம் மலை ரூட்டில் பஸ் ஓட்டினவர் இல்லையா, ‘மலையை இஸ்திரி போட்டு வண்டி விடுறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்டி’ என்றார். நல்லவேளை, நீ சேமித்து வைத்திருந்ததை மறுபடி திறந்ததும் குன்றும் வீடும் பத்திரமாக இருந்தன.

அவரைக் கேட்காமல் நீ அந்தக் குளிர் ஊரில் வேலையை ஒத்துக்கொண்டு கிளம்பினதிலிருந்து மனுஷன் உன் பேச்சையே எடுப்பதில்லை, உனக்குத் தெரியாததா. ஆசையாகக் கூப்பிட்ட ‘வாண்டு’ போய் இப்போது ‘உன் பொண்ணு’ ஆகிவிட்டாய், உன் போன் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறார். நீயும் லேசுப்பட்டவள் இல்லை, அப்பா எப்படி இருக்கார் என்று என்னிடம்தான் கேட்பாய். நடுவில் நான் கிடந்து அல்லாடுகிறேன். அப்படிப்பட்டவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பள்ளத்தைப் பள்ளமாவே விடு, இந்தக் கரையிலேயே தண்டவாளத்தை உயர்த்து, அப்படியே மட்டமாகக் கொண்டுபோ, தூண் தானா வரும் என்றார். வந்தது கண்ணு! குட்டைத் தூண், நெட்டைத் தூண், ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குப் பள்ளத்தில் காலை ஊன்றி எழுந்து நின்றது. இப்போது தினம் மத்தியானம் இரண்டு பேரும் அங்கேதான். ரயிலுக்குள் இருந்தே பார்க்கிற வசதி இருக்கிறதே, அதைப் போட்டுவிட்டால் கீழே பனி மூட்டம், நாங்கள் அதற்கு மேலே சத்தமில்லாமல் மிதந்து போகிறோம். வளைவு வந்தால் அப்பா தன்னையறியாமல் காலால் பிரேக் மிதிக்கிறார்.

ஆனால் உன் குன்றுக்குக் கொஞ்சம் முன்னால் பாலம் நின்றுவிடுகிறது. அந்தக் கரை ஒரு படி உயரம், எப்படி இழுத்தாலும் சேரமாட்டேன் என்கிறது. பாலத்து முனையில் ஒரு நிறுத்தம் வைத்திருக்கிறோம், ரயில் அதுவரை வந்து, உன் நீலக் கூரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. அப்பாவும் என்னென்னவோ செய்து பார்த்தார். அவளைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவாள், போன் போடட்டுமா என்றேன். ‘உன் பொண்ணுகிட்ட நான் எதுக்குக் கேக்கணும்’ என்று எழுந்து போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. விளையாட்டுதான், தெரியாமலில்லை, ஆனாலும் அந்த இடைவெளியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. உங்கள் இரண்டு பேரில் யார் முதலில் பேசினால் என்ன குறைந்துபோகும், சொல்லு.

பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் அந்த ஊரைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார், இதோடு வைத்திருக்கிறேன். குளிரில் காதை மூடாமல் அலையாதே. கூடவே வைத்திருக்கிற ஸ்வெட்டர் கை நீளமாக இருந்தால் மடித்துத் தைத்துக்கொள், வெட்டித் தொலைக்காதே. வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. நீ எந்த ஊரில் கால் வைத்தாலும் அது உனக்குத் தாய்வீடாக இருக்கட்டும், நினைத்ததெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். பென் டிரைவ் வந்து சேர்ந்ததும் மறக்காமல் சொல்லு.

இப்படிக்கு,
உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா

வாண்டு, அம்மா துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போயிருக்கா. உன் பக்கத்துக் கரையை எப்படிச் சேர்க்கிறதுன்னு எனக்குத் தெரியலை. போன் பண்ணிச் சொல்லு. நானே எடுக்கிறேன்.
அப்பா